ஒரு நாட்டில் தொடங்கி இன்னொரு நாட்டில் முடிந்த லீக்

ஜெர்மனியின் முதல் தரக் கால்பந்து லீகான பண்டெஸ்லிகாவில் ஆடும் 18 கிளப்புகளின் ஊர்களை ஜெர்மனி வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்துப் பாருங்கள். மேற்கே ரூர் பகுதியில் புள்ளிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். தெற்கிலும் குறைவில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் வெறிச்சென்று கிடக்கும். சமீப வருடங்களில் அங்கே தெரிகிற புள்ளிகள் இரண்டுதான். ஒன்று லைப்சிக், அதுவும் 2009இல் தொடங்கப்பட்ட ஆர்பி லைப்சிக். இன்னொன்று யூனியன் பெர்லின், அது முதல் முறையாக மேலே வந்ததே 2019இல்தான். அப்படியானால் நாற்பது வருடம் சொந்தமாக ஒரு தேசிய லீக் நடத்திய, ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற, ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த கிழக்கு ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் எல்லாம் எங்கே போயின?

பணம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் முழுப் பதில் அது இல்லை. ஆகஸ்ட் 1990க்கும் மே 1991க்கும் நடுவே நடந்த 26 சுற்றுகளை எடுத்துப் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் முதல் தர லீகான ஓபர்லிகாவின் கடைசி சீசன் அது. தொடங்கியபோது கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. அக்டோபர் 3 அன்று மேற்கு ஜெர்மனியோடு இணைந்து அந்த நாடு இல்லாமல் போனது. நவம்பரில் அதன் கால்பந்துச் சங்கம் தன்னையே கலைத்துக்கொண்டு, வடகிழக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் என்ற புதுப் பெயரில் மேற்கின் சங்கமான டிஎஃப்பிக்குள் ஒரு வட்டாரப் பிரிவாகச் சேர்ந்தது. ஆட்டங்கள் மட்டும் வாராவாரம் நடந்துகொண்டே இருந்தன. அந்தப் புள்ளிப்பட்டியலில் யார் எந்த இடத்தில் முடித்தார்கள் என்பது அதற்கடுத்த இருபது, முப்பது வருடத்தையே தீர்மானித்துவிட்டது. இந்த சீசனை ஒரு சாம்பியன்ஷிப் என்று பார்ப்பதைவிட ஒரு நுழைவுத் தேர்வு என்று பார்த்தால்தான் புரியும் என்பது என் கருத்து. வீட்டிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக்கொண்டிருக்கும்போது அதே வீட்டில் உட்கார்ந்து எழுதிய தேர்வு.

அதற்கு முன் அந்த லீக் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓபர்லிகாவில் 14 அணிகள். கிளப் என்றால் அங்கே தனியாக நிற்கும் அமைப்பு இல்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழிற்சாலையோ அரசு அமைப்போ இருக்கும். யேனா என்றால் கார்ல் சைஸ் என்ற கண்ணாடி, லென்ஸ் நிறுவனம். ஐசன்ஹ்யூட்டன்ஸ்டாட், பிராண்டன்பர்க் இரண்டும் எஃகு ஆலைகளின் அணிகள், பெயரிலேயே 'ஸ்டால்', அதாவது எஃகு, இருந்தது. டைனமோ என்று பெயர் வந்தால் காவல்துறையும் ரகசியப் போலீசும். ஃபோர்வெர்ட்ஸ் என்றால் ராணுவம். ஆட்டக்காரர்கள் காகிதத்தில் அந்த ஆலையின், அந்தத் துறையின் ஊழியர்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. எந்தத் திறமைசாலி எந்த அணியில் ஆட வேண்டும் என்பதை மேலிடம் முடிவு செய்யும். அணிகளையே ஊர் விட்டு ஊர் தூக்கி வைத்தார்கள். ரோஸ்டாக்கின் அணியே அப்படி வந்ததுதான். 1954இல் சாக்சனியில் லௌட்டர் என்ற சின்ன ஊரில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியை, சீசன் பாதியில் இருக்கும்போதே, பால்டிக் கடற்கரைக்கு மாற்றினார்கள், ஏனென்றால் வடக்கே பெரிய அணி எதுவும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் உச்சம் பெர்லினின் பிஎஃப்சி டைனமோ. ரகசியப் போலீஸ் தலைவர் எரிக் மீல்கேயின் செல்ல அணி. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 முறை சாம்பியன். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அதை மறுக்க முடியாது, ஆனால் கடைசி நிமிடப் பெனால்டிகளைப் பார்த்துப் பார்த்து நாடு முழுக்க ரசிகர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். அதனால்தான் 1989இலும் 1990இலும் டைனமோ டிரெஸ்டன் பட்டத்தைப் பறித்தபோது பெர்லினுக்கு வெளியே பலருக்கு நிம்மதி.

சரி, பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பர் 9. ஆறே நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, வியன்னாவில் கிழக்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். டிரா செய்திருந்தாலே போதும் என்ற நிலை. டோனி போல்ஸ்டர் மூன்று கோல் போட்டார், 3-0 தோல்வி, உலகக் கோப்பை போச்சு. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் நடந்த முக்கியமான விஷயம் ஆட்டம் இல்லை. அரங்கு முழுக்க மேற்கு ஜெர்மன் கிளப்புகளின் ஆட்கள், ஏஜென்டுகள். பேயர் லெவர்குசன் கிளப்பின் மேலாளர் ரைனர் கால்முண்ட் ஒரு படி மேலே போய், தன் ஆள் ஒருவரைப் புகைப்படக்காரர் அட்டையோடு உள்ளே அனுப்பியிருந்தார். ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரை அந்த மனிதர் போய்விட்டார். கழுத்தில் கேமரா, தேடி வந்தது ஆட்டக்காரர்களின் விலாசம். சில வாரங்களில் பிஎஃப்சி டைனமோவின் முன்களக்காரர் ஆண்ட்ரியாஸ் தோம் லெவர்குசன் ஆட்டக்காரர் ஆனார். இரண்டு சங்கங்களின் ஒப்புதலோடு முறைப்படி கிழக்கிலிருந்து பண்டெஸ்லிகாவுக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

அணை உடைந்த மாதிரி ஆனது அதற்கப்புறம். 1990 கோடையில் மத்தியாஸ் சாமர் டிரெஸ்டனிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு, உல்ஃப் கிர்ஸ்டன் டிரெஸ்டனிலிருந்து லெவர்குசனுக்கு, தாமஸ் டோல் பெர்லினிலிருந்து ஹாம்பர்க்குக்கு. இவர்கள் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை. சாமர் பிறகு 1996இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையே வாங்கியவர். கிர்ஸ்டன் பண்டெஸ்லிகாவில் மூன்று முறை அதிக கோல் போட்டவர். ஒரு லீகிலிருந்து இந்தத் தரத்தில் ஆட்களை ஒரே கோடையில் உருவிவிட்டு, அடுத்த மாதமே, இப்போது உங்கள் தகுதியை நிரூபியுங்கள் என்று கேட்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த சீசனின் கஷ்டம் தெரியும்.

கிளப்புகள் ஏன் விற்றன என்று கேட்கலாம். வேறு என்ன செய்வது? 1990 ஜூலை 1 அன்று கிழக்கிலும் மேற்கு ஜெர்மன் மார்க் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை சம்பளம், பயணம், மைதானப் பராமரிப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட ஆலைகள், ஒரே இரவில் மேற்கின் ஆலைகளோடு நேருக்கு நேர் போட்டி போட வேண்டிய நிலைக்கு வந்தன. ஆர்டர் இல்லை, ஆள்குறைப்பு. வேலை பறிபோய்க்கொண்டிருக்கும் ஆலை எப்படி ஒரு கால்பந்து அணிக்குச் செலவு செய்யும்? கிளப்பின் கையில் விற்கக்கூடிய ஒரே பொருள் ஆட்டக்காரர்தான். அதைச் சரியான விலைக்கு விற்கவும் தெரியவில்லை, ஏனென்றால் ஒப்பந்தம், மாற்றுத் தொகை, ஏஜென்ட் கமிஷன் இதெல்லாம் அந்த ஊர் நிர்வாகிகள் அதுவரை தொட்டுப் பார்க்காத சங்கதிகள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களோ இருபது முப்பது வருடமாக இதே வேலை செய்தவர்கள்.

ரசிகர்களும் வராமல் போனார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை போகுமா இருக்குமா என்று தெரியாத ஒரு வருடம். கையில் புதுப் பணம், அதை எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் காரில் போனால் பார்க்கக் கிடைக்கும் மேற்கு. பிடித்த ஆட்டக்காரர்கள் எல்லாம் போய்விட்ட அணி. சனிக்கிழமை மதியம் மைதானத்துக்குப் போவதைவிட முக்கியமான ஆயிரம் வேலை இருந்தது ஜனங்களுக்கு.

கிளப்புகளின் பெயர்களும் அந்த ஒரு வருடத்தில் ஒவ்வொன்றாக மாறின. பழைய ஆட்சியின் வாசனை அடிக்கும் பெயர்களைக் கழற்றி எறிந்தார்கள். பிஎஃப்சி டைனமோ 1990 பிப்ரவரியிலேயே எஃப்சி பெர்லின் ஆகிவிட்டது. கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்ற ஊரே பழைய பெயரான கெம்னிட்ஸுக்குத் திரும்பியதால் அணியும் கெம்னிட்சர் எஃப்சி ஆனது. ராணுவ அணியான ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டின் ஃபோர்வெர்ட்ஸ் 'விக்டோரியா' ஆனது. லைப்சிக்கில் கெமி லைப்சிக்கும் கெமி பூலனும் சேர்ந்து சாக்சன் லைப்சிக் என்று புதிதாகப் பிறந்தது. இந்தப் பெயர் மாற்றங்களில் சிலவற்றைப் பிற்பாடு ரசிகர்களே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எஃப்சி பெர்லின் 1999இல் மறுபடி பிஎஃப்சி டைனமோ ஆனது. பெயரை மாற்றினால் பழசு போய்விடும் என்று அவசரத்தில் நினைத்தவர்கள், அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியே வளர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதை யோசிக்கவில்லை.

இப்போது தேர்வின் விதிகளுக்கு வருவோம், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பேசி முடித்தது இதுதான்: கிழக்கு லீகில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராகப் பண்டெஸ்லிகாவுக்கு. மூன்று முதல் ஆறு வரை வருபவர்கள் இரண்டாம் பண்டெஸ்லிகாவுக்கு. ஏழு முதல் பன்னிரண்டு வரையுள்ள ஆறு அணிகளும், கிழக்கின் இரண்டாம் தர லீகின் இரு பிரிவுகளில் முதலாவது வந்த இரண்டு அணிகளும், நான்கு நான்காகப் பிரிந்து இன்னொரு சுற்று ஆட வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்குத்தான் இரண்டாம் பண்டெஸ்லிகா. மீதி எல்லாரும் மூன்றாம் தரத்துக்கு, அதாவது அமெச்சூர் லீகுக்கு. கடைசி இரண்டு இடத்தில் வருபவர்களுக்கு அந்தக் கூடுதல் சுற்றும் கிடையாது. இவர்களுக்கு இடம் கொடுக்க, பண்டெஸ்லிகா 1991-92 சீசனுக்கு மட்டும் 18இலிருந்து 20 அணியாகும். இரண்டாம் பண்டெஸ்லிகா வடக்கு, தெற்கு என்று 12 அணிகள் கொண்ட இரண்டு பிரிவாகும்.

கணக்காகப் பார்த்தால் இது கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது, அதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு தரத்தையும் சேர்த்து 44 தொழில்முறை இடங்களில் 8 கிழக்குக்கு. ஒன்றுபட்ட ஜெர்மனியின் மக்கள்தொகையில் கிழக்கின் பங்கும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுதான். ஆனால் பணமும் தொலைக்காட்சியும் பெரிய விளம்பரதாரர்களும் இருந்த மேல் தரத்தில் 20க்கு 2, அதாவது பத்தில் ஒன்று. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்த விதம். முந்தைய ஐந்து வருட நிலைமையைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்க்கவில்லை, இளைஞர் பயிற்சியைப் பார்க்கவில்லை, ஊரின் அளவைப் பார்க்கவில்லை. அந்த லீகின் வரலாற்றிலேயே மிகவும் குழப்பமான ஒரு வருடத்தின் பட்டியலைப் பார்த்தார்கள். அப்போதெல்லாம் வெற்றிக்கு இரண்டு புள்ளிதான், அதனால் நடுவில் எல்லாரும் நெருக்கமாக முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆறாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவே இடைவெளி ஓரிரு வெற்றி அளவுதான்.

யார் தேறினார்கள்? ஹன்சா ரோஸ்டாக். யாரும் எதிர்பார்க்கவில்லை. பலமுறை இரண்டாமிடம் வந்து, ஒரு முறைகூடப் பட்டம் வாங்காத அணி. அவர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்று: சீசன் தொடங்கும்போதே மேற்கிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார்கள். ஊவே ரைண்டர்ஸ், வெர்டர் பிரேமனின் பழைய முன்களக்காரர், 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு ஆடியவர். கிழக்கு லீகில் மேற்கு ஜெர்மன் பயிற்சியாளர் என்பது அதுவரை நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். மற்ற அணிகள் பழைய பழக்கத்தில், பழைய பயத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருடம் எங்கே ஆடப் போகிறோம், அங்கே என்ன கேட்பார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் ரோஸ்டாக்கின் பெஞ்சில் இருந்தார். அதோடு, டிரெஸ்டன் அளவுக்கோ பெர்லின் அளவுக்கோ நட்சத்திரங்கள் இல்லாததால் ரோஸ்டாக்கிலிருந்து பெரிதாக யாரையும் தூக்கிப் போகவில்லை. பெரிய அணிகள் காலியானபோது நடுத்தர அணி முழுசாக இருந்தது, அதுதான் பாதி ரகசியம். அணியில் பால் கலிஜியூரி என்ற அமெரிக்கரும் இருந்தார், 1989 நவம்பரில் டிரினிடாடுக்கு எதிராக அமெரிக்காவை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோன கோலை அடித்த அதே கலிஜியூரி. கிழக்கு ஜெர்மன் லீகில் ஒரு அமெரிக்கர் பட்டம் வெல்வார் என்று இரண்டு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்!

26 ஆட்டத்தில் 13 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி, 35 புள்ளி. ரோஸ்டாக் சாம்பியன். ஜூன் மாதம் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஐசன்ஹ்யூட்டன்ஸ்டாட்டை 1-0 என்று வென்று இரட்டைப் பட்டம். டிரெஸ்டன் 32 புள்ளியோடு இரண்டாமிடம். சாமர், கிர்ஸ்டன் இருவரும் போன பிறகும் அங்கே டார்ஸ்டன் குட்ஷோவ் இருந்தார், 20 கோல் போட்டு லீகில் முதலிடம், அதுவும் தொடர்ந்து மூன்றாவது வருடம். எர்ஃபர்ட், ஹாலே, கெம்னிட்ஸ், யேனா நான்கும் மூன்று முதல் ஆறு வரை. கூடுதல் சுற்றில் லோகோமோட்டிவ் லைப்சிக்கும் ஸ்டால் பிராண்டன்பர்க்கும் பிழைத்தன.

தோற்றவர்களின் பட்டியல்தான் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். எஃப்சி பெர்லின், அதாவது பத்து முறை தொடர் சாம்பியன், 11ஆவது இடம், கூடுதல் சுற்றிலும் தேறவில்லை. ராணுவ அணி ஃபிராங்க்ஃபர்ட், ஆறு முறை பட்டம் வாங்கிய பரம்பரை, கடைசி இடம். பழைய அரசின் இரண்டு தூண்களான அணிகளும் ஒரே சீசனில் சரிந்தன, அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பலர் பேசினார்கள், பேசட்டும். ஆனால் மாக்டபர்க்? 1974இல் ராட்டர்டாமில் ஏசி மிலானை 2-0 என்று வீழ்த்தி 'கோப்பை வென்றவர்கள் கோப்பை'யை, அதாவது அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் ஆடும் ஐரோப்பியக் கோப்பையை, எடுத்து வந்த அணி. கிழக்கு ஜெர்மனிக்குக் கிடைத்த ஒரே ஐரோப்பியக் கோப்பை அது. 1991இல் அவர்கள் 10ஆவது இடம், கூடுதல் சுற்றில் தோல்வி, நேராக அமெச்சூர் லீக். அங்கிருந்து இரண்டாம் பண்டெஸ்லிகாவுக்கு முதல் முறையாக ஏறியது எப்போது தெரியுமா? 2018. இருபத்தேழு வருடம். ஒரு சீசனின் சில புள்ளிகளுக்குக் கொடுத்த விலை அது. 1991இல் பத்து வயதில் அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போன ஒரு பையனுக்கு 2018இல் பத்து வயதில் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

அந்த சீசனின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒன்றிணைப்பு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1990 நவம்பர் 3, லைப்சிக்கின் லாய்ட்ஷ் பகுதியில் சாக்சன் லைப்சிக்குக்கும் எஃப்சி பெர்லினுக்கும் ஆட்டம். பெர்லினிலிருந்து வந்த ரசிகர்களுக்கும் போலீசுக்கும் மோதல், போலீஸ் துப்பாக்கியால் சுட்டது, 18 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான், இன்னும் பலருக்குக் குண்டடி. நேற்றுவரை பயத்தால் மட்டுமே மதிக்கப்பட்ட ஒரு போலீஸ், இன்று யாரும் மதிக்காத நிலையில், தங்களை யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாமல், கையில் துப்பாக்கியோடு நின்றது. அந்தச் சாவைத் தொடர்ந்து, நவம்பர் 21 அன்று அதே லைப்சிக்கில் நடக்கவிருந்த இரு ஜெர்மனிகளின் ஒன்றிணைப்பு விழா ஆட்டத்தையும் பாதுகாப்பு காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். சேர்ந்து கொண்டாட வேண்டிய ஆட்டம் நடக்கவே இல்லை.

ஆக, கிழக்கு ஜெர்மன் தேசிய அணியின் கடைசி ஆட்டம் என்று வரலாற்றில் நிற்பது 1990 செப்டம்பர் 12, பிரசல்ஸ். பெல்ஜியத்துக்கு எதிராக முதலில் ஐரோப்பியக் கோப்பைத் தகுதி ஆட்டமாக வைத்தது, நாடே இல்லாமல் போகப் போகிறது என்பதால் நட்பு ஆட்டமாக ஆனது. பயிற்சியாளர் எடுவர்ட் கையர் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காயம் என்றார்கள், புது கிளப் விடவில்லை என்றார்கள். கடைசியில் 14 பேர்தான் வந்தார்கள். மேற்குக்குப் போன பெரிய பெயர்களில் வந்தவர் சாமர் ஒருவர்தான். அவரும் வந்து பார்த்துவிட்டு, தன் பழைய தோழர்கள் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தவர்தான். ஆடினார், கேப்டனாக ஆடினார், இரண்டு கோலும் அவரே போட்டார். 2-0.

1991 மார்ச் 20 இன்னொரு அடி. ஐரோப்பியச் சாம்பியன் கோப்பைக் காலிறுதி, டிரெஸ்டனில் ரெட் ஸ்டார் பெல்கிரேடு. முதல் ஆட்டத்தில் ஏற்கனவே 3-0 தோல்வி. இங்கே 1-2 என்று பின்தங்கியிருந்தபோது அரங்கிலிருந்து கையில் கிடைத்ததை எல்லாம் எறியத் தொடங்கினார்கள், 78ஆவது நிமிடத்தில் ஆட்டம் நின்றுபோனது. டிரெஸ்டனுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஒரு வருடத் தடை. அதனால்தான் இரண்டாமிடம் வந்தும் அவர்கள் அடுத்த வருடம் ஐரோப்பாவில் ஆடவில்லை. யுவேஃபா கோப்பைக்கு மூன்றாமிடம் எர்ஃபர்ட்டும் நான்காமிடம் ஹாலேயும் போயின. பண்டெஸ்லிகாவுக்குள் காலெடுத்து வைக்கும் நேரத்தில், வருமானம் ஒவ்வொரு மார்க்கும் தேவைப்படும் நேரத்தில், இப்படி ஒரு இழப்பு.

தேறியவர்களுக்காவது நல்லகாலம் பிறந்ததா என்றால், அங்கேதான் இந்த இடைக்கால ஏற்பாட்டின் இரண்டாவது முள் இருக்கிறது. பண்டெஸ்லிகா 20 அணியானது ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொன்னேன் இல்லையா? அடுத்த வருடம் மறுபடி 18 ஆக வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்த ஒரு சீசனில் நான்கு அணிகளை நேராகக் கீழே தள்ளி, இரண்டை மட்டும் மேலே எடுப்பது. புதிதாக உள்ளே வந்து, சூழலே பழகாத இரண்டு அணிகளுக்குக் கிடைத்த முதல் வருடமே, வழக்கத்தைவிட அதிகம் பேர் விழப்போகும் வருடம். கீழேயும் அதே கதை. இரண்டாம் பண்டெஸ்லிகாவில் சேர்ந்த ஆறு கிழக்கு அணிகளில் ஹாலே, எர்ஃபர்ட், பிராண்டன்பர்க் மூன்றும் முதல் வருடமே விழுந்தன. எட்டு என்று ஆரம்பித்த கணக்கு ஒரே வருடத்தில் ஐந்து ஆனது.

ரோஸ்டாக்கின் அந்த 1991-92 சீசன் ஆரம்பித்த விதம் இன்னும் பேசப்படும். முதல் ஆட்டத்தில் நியூரன்பெர்க்கை 4-0. இரண்டாவது ஆட்டம் மியூனிக்கில், பேயர்ன் மியூனிக்கை அவர்கள் மைதானத்திலேயே 2-1. மூன்றாவது டார்ட்மண்டை 5-1. கடற்கரை ஊரிலிருந்து வந்த புதிய அணி பண்டெஸ்லிகா பட்டியலில் முதலிடம். இலையுதிர் காலத்தில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் பார்சிலோனா வந்தது, முதல் ஆட்டத்தில் அங்கே 3-0 என்று தோற்றாலும் சொந்த மண்ணில் 1-0 என்று வென்றார்கள். அந்த வருடம் கோப்பையை வென்றதே அந்த பார்சிலோனாதான். அப்புறம் குளிர்காலம் வந்தது, அணியில் ஆழம் இல்லை, காயம் வந்தால் மாற்ற ஆள் இல்லை, புள்ளிகள் வருவது நின்றது. மார்ச்சில் ரைண்டர்ஸை நீக்கினார்கள். முன்பு கைகொடுத்த அதே விஷயம், அதாவது நட்சத்திரம் இல்லாத, சின்ன, இறுக்கமான அணி என்பது, 38 சுற்று கொண்ட நீண்ட சீசனில் பலவீனமாகிப்போனது.

1992 மே 16, கடைசி நாள். மூன்று அணிகள் ஒரே புள்ளியில்: ஃபிராங்க்ஃபர்ட் (ஓடர் நதிக்கரை ஊர் இல்லை, மேற்கிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்), ஸ்டுட்கார்ட், டார்ட்மண்ட். கோல் வித்தியாசத்தில் ஃபிராங்க்ஃபர்ட் முன்னால். அவர்கள் கடைசி ஆட்டம் ரோஸ்டாக்கில், விழும் நிலையில் இருக்கும் அணியோடு. ஜெயித்தால் பட்டம் கிட்டத்தட்ட கையில். ரோஸ்டாக்குக்கோ வெற்றி மட்டும் போதாது, மற்ற இடங்களிலும் முடிவுகள் சாதகமாக வர வேண்டும். 1-1 என்று இருக்கும்போது, ஃபிராங்க்ஃபர்ட்டின் ரால்ஃப் வேபர் பெனால்டி பகுதிக்குள் கோலை நோக்கி ஓடுகிறார், பின்னாலிருந்து ரோஸ்டாக்கின் ஸ்டெஃபன் பூகர் அவரை வீழ்த்துகிறார். தெளிவான பெனால்டி. நடுவர் அல்ஃபோன்ஸ் பெர்க் விசில் ஊதவில்லை. பிறகு அவரே அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ரோஸ்டாக் இரண்டாவது கோலைப் போடுகிறது, போட்டது அதே பூகர். லெவர்குசனில் ஸ்டுட்கார்ட், சாமர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும், 86ஆவது நிமிடத்தில் கிடோ புக்வால்ட் தலையால் முட்டிய கோலால் வென்று பட்டம் எடுத்துப் போகிறது. இரண்டு வருடம் முன்னால் கிழக்கிலிருந்து போன சாமர் ஒன்றுபட்ட ஜெர்மனியின் சாம்பியன்.

ரோஸ்டாக் 2, ஃபிராங்க்ஃபர்ட் 1. ஆனால் ரோஸ்டாக்கைப் போலவே விழாமல் தப்பிக்கப் போராடிய வாட்டன்ஷெய்டும் அன்று தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. 20 அணிகளில் ரோஸ்டாக் 18ஆவது, 31 புள்ளி. 16ஆவது இடத்தில் தப்பித்த வாட்டன்ஷெய்டுக்கு 32.